ரிப்பன் கட்டிய பாட்டில்

— மனுஷ குலத்தோட காதல் வரலாறு மொத்தமும், ப்ரோஃபிரா, ஒரு ஷாம்பெயின் பாட்டில் திறக்குற அந்த ஒரு சத்தத்துலதான் அடங்கியிருக்கு!

— கதவைச் சாத்துங்க அத்தான். பனி உள்ள வருது.

— சாத்திட்டேன். நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— பூட்ஸைத் தட்டிட்டு வாங்க. காலையிலேருந்து துடைச்சுத் துடைச்சு இடுப்பே விட்டுப்போச்சு.

— கொழுந்தியா கடைன்னா இதான் மரியாதை. ஏம்மா, நான் இந்த ஊர் கலாச்சார மாளிகை இயக்குநர்...

— தெரியும். உங்க மாளிகையில கூரை ஒழுகுறதும் தெரியும். என்ன வேணும்?

— உன் அக்கா இன்னைக்கு வர்றா.

— தெரியும்.

— இருட்டுறதுக்குள்ள மினிபஸ் வந்துடும். ஒன்பது வருஷம்! இத்தாலியில, பாதுவாவுல எவளோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வச்சு... இப்பதான் முதல் தடவையா ஒரு மாசம் லீவு. இனிமே அவ திரும்பிப் போகக் கூடாது ப்ரோஃபிரா. இன்னைக்கு ஒரே ராத்திரியில அவ மனசை மாத்திடணும். மெழுகுவர்த்தி வாங்கிட்டேன். மேஜைக்குச் சிவப்பு வெல்வெட்...

— வெல்வெட் ஏது உங்ககிட்ட?

— இருந்துச்சு.

— மேடைத் திரையைக் கழட்டிட்டு வந்துட்டீங்களா?

— ஒரு பக்கத்துத் திரை மட்டும்தான். ஓட்டை விழுந்த பாகத்தை உள்ள மடிச்சுட்டா யாருக்குத் தெரியும்? இப்ப பாக்கி ஷாம்பெயின் மட்டும்தான். இனிப்பா ஒண்ணு எடு.

— இதைக் கொண்டுபோங்க. இனிப்பே இல்லாதது. நல்லா இருக்கும்.

— காதலுக்குப் புளிப்பா?

— போன மாசம் மேயர் வீட்டு விருந்துல நீங்கதானே எழுந்து நின்னு சொன்னீங்க, நாகரிகமானவன் இனிப்பு ஒயினைத் தொட மாட்டான்னு?

— அது மேயருக்குச் சொன்னது.

— எல்லாரும் கிளாஸைத் தூக்கிப் பிடிச்சு நின்னோம். நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள நுரையெல்லாம் செத்துப்போச்சு.

— பேச்சை மாத்தாதே. இனிப்பு வேணும். முழு இனிப்பு. பழைய லேபிள், கறுப்பு மேல தங்க எழுத்து. கழுத்துல வெள்ளித் தாள்...

— லேபிளையா குடிக்கப் போறீங்க?

— இருக்கா, இல்லையா?

— அதை நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சு. உங்களுக்கு எதுக்கு அதே... அத்தான், கோட்டுப் பையிலேருந்து என்ன தொங்குது?

— கைக்குட்டை.

— ரோஸ் கலர்லயா? அது நான் கட்டின ரிப்பன். உங்க கல்யாணத்துல மாப்பிள்ளை பொண்ணு முன்னாடி வச்ச ரெண்டு பாட்டிலையும் சேர்த்து நான்தான் கட்டினேன். ஒண்ணு முதல் வருஷக் கல்யாண நாளன்னைக்குத் திறக்க. இன்னொண்ணு முதல் பிள்ளை பொறந்தா திறக்க. பிள்ளைதான் வரலை. அந்தப் பாட்டில்...

— கண்ணாடி அலமாரியில பத்திரமா இருக்கு.

— இருக்கா?

— இருக்குன்னு அவகிட்ட போன்ல சொல்லியிருக்கேன்.

— அத்தான்!

— சத்தம் போடாதே. அவளே கேட்டா, ஞாயித்துக்கிழமை. "அந்தப் பாட்டில் இன்னும் இருக்கா?"ன்னு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. இனிமே எதுக்காகக் காத்திருக்கணும், வந்ததும் நாம ரெண்டு பேருமே திறந்துக்கலாம்னு சொல்றா...

— அப்படிச் சொன்னாளா?

— சொல்லலை. நான் புரிஞ்சுக்கிட்டேன்.

— பாட்டிலை என்ன பண்ணீங்க? குடிச்சிட்டீங்களா?

— குடிச்சிருந்தாலாவது ஆம்பளைன்னு சொல்லிக்கலாம். மாவட்ட அதிகாரிக்குப் பொறந்தநாள். எனக்குப் பதவி குடுக்கறதா வேண்டாமான்னு அவர் யோசிச்சுக்கிட்டிருந்த வாரம். அன்னைக்குப் பார்த்து நீயும் கடையைச் சாத்திட்டே. வெறுங்கையை வீசிக்கிட்டுப் போக முடியுமா?

— அக்கா பஸ் ஏறின வருஷமா?

— ஏறின வாரம்.

— ரிப்பனோடவா குடுத்தீங்க?

— ரிப்பனை அவிழ்த்துட்டேன். எனக்கும் மனசாட்சி இருக்கு.

— அவராவது குடிச்சாரா?

— அவர் பல் டாக்டருக்குக் குடுத்துட்டார். டாக்டர் தன் பையனோட வகுப்பு டீச்சருக்கு. டீச்சர் வரைக்கும் போய் விசாரிச்சேன். யாருக்குக் குடுத்தோம்னு அந்த அம்மாவுக்கே ஞாபகம் இல்லை.

— இந்த ஊர்ல ஷாம்பெயினை எவன் குடிக்கிறான்? எல்லாரும் அடுத்தவன் தலையில கட்டுறதோட சரி. நானும் வித்துக்கிட்டே இருக்கேன்.

— சிரிக்காதே ப்ரோஃபிரா.

— சிரிக்கலை. எனக்குக் கால் வலி. உங்க சகலை, என் வீட்டுக்காரர், மாஸ்கோவுல சாரம் கட்டிட்டு வருஷத்துக்கு ஒருதரம் வர்றார். வந்ததும் தூங்குறார். பக்கத்துல நானும் தூங்குறேன். ரெண்டு பேரும் குறட்டை விடுறோம். எங்களுக்கு அதான் காதல் ராத்திரி.

— நானும் ஒன்பது வருஷமா உருளைக்கிழங்கு அவிச்சுத் தின்னுக்கிட்டு இருக்கேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு அவிக்கறதுன்னு இன்னும் பிடிபடலை. மிச்சமாயிடுது. அதையே காலையில...

— இதை அவகிட்ட சொல்லுங்க.

— எதை?

— உருளைக்கிழங்கை.

— அதையெல்லாம் போய் ஒரு பேச்சுன்னு... இல்லை, இல்லை. நான் வரவேற்புரை எழுதி வச்சிருக்கேன். சரி, இந்த வெள்ளித் தாள் சுத்தின பாட்டிலைக் குடு. லேபிளை வெந்நீர் ஊத்திச் சுரண்டிட்டு ரிப்பனைக் கட்டினா, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல ஒண்ணும் தெரியாது. இனிப்புதானே இது?

— பயங்கர இனிப்பு. அது வேண்டாம் அத்தான்.

— வந்ததுலேருந்து பார்க்கிறேன், இனிப்புன்னாலே தடுக்கிறே. கல்யாணத்தன்னைக்கு அவ கிளாஸ் கிளாஸா குடிச்சு, கேக்குல இருந்த ரோஜாப்பூவையெல்லாம் ஒத்தையா தின்னவ. என் பொண்டாட்டிக்கு என்ன பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?

— பிடிக்கும். இல்லைன்னு சொல்லலையே.

— அப்ப கட்டிக் குடு. என்ன அப்படிப் பார்க்கிறே?

— உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா.

— என்ன சத்தியம்? ப்ரோஃபிரா... அங்க இத்தாலியில வேற யாராவது...

— ஐயோ, அந்தக் கிழவியைத் தூக்கி உட்கார வைக்கவே அவளுக்குத் தெம்பு பத்தலை. இதுல வேற யாராவதாம்!

— அப்புறம் என்னதான்? எனக்குத் தெரியாம அவளுக்கு என்ன இருக்கு?

— சர்க்கரை வியாதி அத்தான். மூணு வருஷமா ஊசி போட்டுக்கறா.