இன்னும் மூன்று மணி நேரம்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, ஐயா. விளக்கை மட்டும் கொஞ்சம் திருப்பி வையுங்கள், கண் கூசுகிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். மழுப்புகிற பழக்கம் எனக்கில்லை.

தொழிற்கூடத்தில் என்னைக் கரிக்காரர் என்பார்கள். கேலிதான். எக்ஸ்ரே குழாய்க்குள் எலக்ட்ரானை வரவழைக்க எல்லோரும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை நம்பியபோது நான் கார்பன் இழைகளை நம்பினேன். கண்ணுக்கே தெரியாத இழைகள், நகத்தளவு தகட்டில் கோடிக்கணக்கில் நிற்கும். காய்ச்ச வேண்டாம், மின்னழுத்தம் கொடுத்தால் போதும், நுனியிலிருந்து எலக்ட்ரான் பாயும். "அடுப்புக்கரியை வச்சு எத்தனை நாள் ஓட்டுவீங்க?" என்றார் தலைமைப் பொறியாளர். ஆயிரம் மணி நேரம் என்றேன். எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

இழைகள் தேயும் என்பது எனக்குத் தெரியாதா? குழாயிலிருந்து எவ்வளவு காற்றை உறிஞ்சினாலும் துளி மிஞ்சும். அது அயனியாகித் திரும்பி வந்து நுனிகளைக் கொறிக்கும். நெட்டையான இழைதான் அதிகச் சுமை தாங்கும், சூடேறி முதலில் எரியும். அதனால் புதுக் குழாயில் இரண்டு நாள் மெல்ல அழுத்தம் ஏற்றி, நெட்டைகளை நாங்களே எரித்துவிடுவோம். முடிவெட்டு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். அப்புறமும் ஒன்றிரண்டாக எரியும். எரிந்ததன் சுமை மிச்சமிருப்பவற்றின் தலையில் விழும். மின்னோட்டம் குறையாமலிருக்கக் கருவி தானாகவே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். திரையில் எல்லாம் முதல் நாள் போலவே தெரியும், உள்ளே பாதி செத்திருக்கும். அழுத்தம் வரம்பைத் தொட்டால் மஞ்சள் விளக்கு எரிந்து, கருவி அடுத்த நோயாளியை ஏற்காது.

அந்த வரம்பை வைத்தவன் நான். மாற்றும் உரிமையும் எனக்குத்தான். இதய மருத்துவமனையில் நிறுத்திய முதல் கருவியில், அறுநூறாவது மணியில் வரம்பை ஏற்றினேன். எண்ணூறில் இன்னொரு முறை. தொள்ளாயிரத்து அறுபதில் மஞ்சள் விளக்கையும் கருவியை நிறுத்தும் தடையையும் சேர்த்தே துண்டித்துவிட்டேன். அதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் மகளுக்குப் பதினொரு வயது. இதயத்தில் சின்ன ஓட்டை. தொடை வழியாகக் கம்பி செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே அடைப்பார்கள். "சித்தப்பா, உங்க மெஷின் வலிக்குமா?" என்று கேட்டாள். வலிக்காது என்றேன். அது உண்மை.

அன்று காலை, குழாய் ஓடிய நேரத்தைக் கணக்கிடும் மணிக்காட்டியில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டேய், பக்கத்து ஆஸ்பத்திரியில பழைய மெஷின் இருக்காம். அங்க வேணா கூட்டிட்டுப் போயிடவா? இதை நம்பலாமில்ல?"

"நான் செஞ்சதுண்ணா," என்றேன். இதிலும் பொய் இல்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். ஏனென்று சொல்லியிருந்தால் குழாயை அன்றே கழற்றியிருப்பார்கள். நாலு மணி நேரத்துக்காகவா நான் ஒன்பது வருஷம் உழைத்தேன்?

காத்திருப்பு அறையில் இருவரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது குழாய்க்குள் மின்பொறி வெடித்தது. திரை இருண்டது. மாற்றுக் கருவியைத் தள்ளிக்கொண்டு வர ஒன்பது நிமிடம். அதற்குள் கம்பி இதயச் சுவரைக் கிழித்துவிட்டது. மருத்துவர் வெளியே வந்து பிள்ளை போய்விட்டாள் என்றார். அண்ணன் என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதார். "உன் மேல தப்பில்லடா, நீ மனசை விட்றாத," என்றார். நான் அழவில்லை. மணிக்காட்டியைப் பார்க்க உள்ளே போனேன்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அண்ணனிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், நான் எதற்காகத் தலைகுனிய வேண்டும்? குழாயை உடைத்துப் பார்த்தேன். நடுவில் பள்ளம் விழுந்திருந்தது, ஆனால் ஓரத்தில் இழைகள் நிமிர்ந்து நிற்கின்றன. அந்த மருத்துவர் கொஞ்சம் சுறுசுறுப்பானவராக இருந்திருந்தால் பிள்ளையும் பிழைத்திருப்பாள், குழாயும் ஆயிரத்தைத் தொட்டிருக்கும்.

எழுதியாயிற்றா? கையெழுத்துப் போடுகிறேன். மணிக்கணக்கை மட்டும் சரியாக எழுதுங்கள், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. அன்றைக்குச் சிரித்தாரே, அவர் அதைப் படிக்க வேண்டும்.