தினமும் நாலு சுத்து

மனைவி: இன்னும் எவ்வளவு தூரம்ங்க அந்த ஃபவுண்டன்?

கணவர்: இதோ... இந்த வளைவு தாண்டினா வந்துடும்.

மனைவி: மூணு வளைவு தாண்டியாச்சு. மறுபடியும் அதே படகுத்துறையிலதான் வந்து நிக்கிறோம்.

கணவர்: இது வேற படகுத்துறை.

மனைவி: ஆமாமா. அந்த உடைஞ்ச பெஞ்சையும் கையோட தூக்கிட்டு வந்து இங்க போட்டிருக்காங்க.

கணவர்: பார்க்கைப் பெருசா கட்டிட்டான்மா. ஒரு பக்கம் ஆறு, மூணு பக்கம் புல்லு. எல்லாம் ஒரே மாதிரி தெரியுது.

மனைவி: எட்டு மாசமா தினமும் காலைல நாலு சுத்து சுத்தறவருக்கே ஒரே மாதிரி தெரிஞ்சா, இன்னிக்கு வந்த நான் என்ன பண்றது?

கணவர்: காலைல ஆத்துப் பக்கம் ஒரே பனியா இருக்கும்...

மனைவி: எட்டு மாசமும் பனியா?

கணவர்: சரி, இந்தப் பக்கமா போய்ப் பார்ப்போம், வா.

மனைவி: அதோ பலகையில வழி போட்டிருக்காங்க. போய்ப் பாருங்களேன்.

கணவர்: தினமும் வர்றவன் பலகையைப் பார்த்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?

மனைவி: அதுவும் சரிதான். மூச்சு வேற வாங்குது போல?

கணவர்: எனக்கென்ன, பழகின கால்.

மனைவி: டாக்டர் நடக்கச் சொன்னப்புறம் மூணு கிலோ கூடியிருக்கீங்க. நடந்து நடந்து பெருத்த ஆளை நான் இப்பத்தான் பார்க்கறேன்.

கணவர்: அது தசைம்மா. நடந்தா தசை ஏறும்.

மனைவி: ஏறினது பூரா வயித்துல. எங்க, காலைத் தூக்குங்க.

கணவர்: எதுக்கு?

மனைவி: தூக்குங்கன்னேன்... எட்டு மாசமா நடக்கற ஷூ. அடியில விலைச்சீட்டு அப்படியே இருக்கு.

கணவர்: நல்ல பசையா போட்டிருக்கான்.

காவலாளி: சார், அந்தப் பக்கம் போகாதீங்க. கயிறு கட்டியிருக்கு பாருங்க.

கணவர்: ஃபவுண்டனுக்குப் போகணும்ப்பா.

காவலாளி: அதை மூடி ஒரு வருஷம் ஆச்சே. ஊருக்குப் புதுசா சார்?

மனைவி: இல்லப்பா, தினமும் காலைல வர்றவர். அந்த ஃபவுண்டன்கிட்ட உட்கார்ந்து இளைப்பாறிட்டுத்தான் வீட்டுக்கே வருவார்.

காவலாளி: காலை டியூட்டி நான்தான்மா. சாரைப் பார்த்த மாதிரி...

கணவர்: கூட்டத்துல கவனிச்சிருக்க மாட்டே.

காவலாளி: மொத்தமே இருபது பேர்தான் சார் வருவாங்க.

மனைவி: சரிப்பா, நீ போய் வேலையைப் பாரு. சாருக்கு வேர்க்குது... வாங்க, உட்காருங்க. காலைல எங்க போறீங்க?

கணவர்: சும்மா... அங்க இங்க.

மனைவி: இங்க வரலைன்னு தெரிஞ்சு போச்சு. அந்த 'அங்க' எங்கன்னு சொல்லுங்க.

கணவர்: நீ கோவிச்சுக்கக் கூடாது.

மனைவி: ரெண்டு மணி நேரமா வெயில்ல நடந்திருக்கேன். கோவிக்கத் தெம்பு ஏது?

கணவர்: பொண்ணு வீட்டுக்கு.

மனைவி: எந்தப் பொண்ணு?

கணவர்: நமக்கு இருக்கறது ஒண்ணுதானே...

மனைவி: சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு, செத்தாலும் அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்னீங்களே? நானும் மிதிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்களே? அவ வீட்டுக்கா?

கணவர்: பேத்தி பிறந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். கால் தானா போயிடுச்சு.

மனைவி: அடேயப்பா. தினமும் தானா போகுதாக்கும்.

கணவர்: குத்திக் காட்டாதேம்மா. ரெண்டு பல் முளைச்சிருக்கு. சிரிச்சா அப்படியே உன் ஜாடை. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து, உன்கிட்ட சொல்ல முடியாம தவிச்சுப் போயிடறேன். சத்தியம் வாங்கின நானே போறேன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்ல? ...நீயும் வாயேன். நாளைக்கு ரெண்டு பேருமா போகலாம்.

மனைவி: பல் மூணுங்க. நேத்து சாயங்காலம்தான் மூணாவது எட்டிப் பார்த்துச்சு.

கணவர்: என்னது... உனக்கெப்படித் தெரியும்?

மனைவி: காலைல நீங்க வாங்கிட்டுப் போற பிஸ்கட்டைத்தான் சாயங்காலம் அவ எனக்குத் தட்டுல வெச்சுத் தர்றா. நாளைக்காவது கிரீம் இல்லாததா பார்த்து வாங்குங்க, எனக்குத் திகட்டுது.