இரண்டு நீர்க்கட்டிகள்

1971 டிசம்பர். சண்டை தொடங்கி ஐந்தாம் நாள். காலை ஏழு பத்து.

ஓடுகிறேன். வலப்பக்கம் கரும்புத் தோட்டம் எரிகிறது. எனக்கு முன்னால் முனிரத்தினம் ஓடுகிறான். பதுங்குகுழிக்கு இன்னும் இருபது அடி. குண்டு வரும்போது நீளமாக ஒரு விசில் சத்தம். விசில் கேட்கும்வரை பயமில்லை, தலையைத் தாண்டிப் போகிறது. சட்டென்று நின்றால் பக்கத்தில் விழப்போகிறது. நின்றது.

"ஏகாம்பரம், படுத்துக்கடா!"

படுத்தேன். என்னைப் பார்த்துக் கத்துவதற்காகத் திரும்பியவன் படுக்கவில்லை. அந்த ஒரு நொடியை எனக்குக் கொடுத்துவிட்டான்.

பிறகு சத்தமே இல்லை. வாய் நிறைய மண். இடது முழங்காலுக்குக் கீழே எரிகிறது, தொட்டுப் பார்த்தால் கால் இல்லை. முனிரத்தினம் பத்தடி தள்ளிக் கிடந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே ஊர். கடம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி மூன்று மைல் நடக்க வேண்டும். அவன் கிழக்குத் தெரு, நான் மேற்குத் தெரு. கிழக்குத் தெருவுக்கு ஒரு கட்சி, மேற்குத் தெருவுக்கு இன்னொரு கட்சி. அந்த வருஷம் மார்ச்சில் தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு இரண்டு தெருவுக்கும் பேச்சு இல்லை. பெண் எடுப்பதில்லை, சாவுக்குப் போவதில்லை. பட்டாளத்தில் மட்டும் நானும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

ஊர் ஏரிக்கு ஒரே மதகு. தண்ணீருக்குள் இரண்டு கல் தூண், நடுவில் இரும்புக் கம்பி, கம்பியின் அடியில் மரக்கட்டை. கட்டையைத் தூக்கினால் தண்ணீர் வயலுக்குப் போகும். அழுத்தினால் அடைபடும். அதைத் திறந்து மூடி, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர் நீர்க்கட்டி. பல வருஷமாக முனிரத்தினத்தின் அப்பாதான் இரண்டு தெருவுக்கும் நீர்க்கட்டி. தேர்தல் முடிந்த கையோடு மேற்குத் தெருவில் கூட்டம் போட்டார்கள். எதிர்க்கட்சிக்காரன் கையால் வருகிற தண்ணீர் நமக்கு வேண்டாம் என்றார்கள். என் அண்ணன் வேலுவை எங்கள் தெருவுக்குத் தனி நீர்க்கட்டி ஆக்கினார்கள். ஒருவர் திறந்ததை இன்னொருவர் தொடக்கூடாது என்று கட்டுப்பாடும் போட்டார்கள். அப்போது நான் லீவில் ஊரில் இருந்தேன். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். இதை மறைத்தால் நான் சொல்லும் மற்றதெல்லாம் பொய்.

முனிரத்தினத்துக்கு இது தெரியும். ஆனாலும் என்மீது கோபப்படவில்லை. குண்டு விழுவதற்கு முந்தின நாள் மத்தியானம், பதுங்குகுழியில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்:

"ஊருக்குப் போயி பழையபடி ஒரே நீர்க்கட்டி வெக்கணும்டா. இங்க எத்தினி பாஷைக்காரன் ஒண்ணா குந்திகினு கீறான் பாரு. இந்த நாடு தேறிடும். நம்ம ஊரு தேறாதா?"

தேறும் என்றேன். நானே பேசி மாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

1972, மாசி மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன். கக்கத்தில் இரண்டு ஊன்றுகோல். மடியில் ஒரு செம்பு. அதற்குள் முனிரத்தினத்தின் சாம்பல். வேப்பம்பட்டு தாண்டியது, திருவள்ளூர் தாண்டியது. கடம்பத்தூர் ஸ்டேஷனில் மேளச் சத்தம். இரண்டு மேளம். இரண்டு கொடி. இறங்கியதும் செம்பை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள்.

செம்பைப் பள்ளிக்கூடத்தில் வைத்தேன். நினைவுத்தூண் யார் தெருவில் எழுப்புவது, அதன்மேல் யார் கொடி பறப்பது, முதல் மாலை யாருடையது? நான்கு நாள் இதே சண்டை. திருவள்ளூரிலிருந்து இரண்டு கட்சித் தலைவர்களும் காரில் வந்தார்கள். தனித்தனி மைக். தேச ஒற்றுமைக்காக உயிர் கொடுத்தவன் என்று இருவருமே பேசினார்கள். பொன்னான எதிர்காலம் என்றார்கள். கூட்டம் கை தட்டியது. பிறகு கல் எறிந்தது. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் கல் விழும் சத்தம் கேட்டதும் நான் தரையில் குப்புறப் படுத்தேன். சிரித்தார்கள். நான் அவர்களை மன்னிக்கவில்லை.

மதகு திறந்தே கிடந்தது.

நான் ஊருக்கு வந்த அன்று காலை என் அண்ணன் திறந்தது. அன்று சாயங்காலத்தோடு மேற்குத் தெரு முறை முடிந்தது. என் முறை தீர்ந்தது, இனிமேல் ஓடுவது அவர்கள் தண்ணீர், அவர்கள் மூடட்டும் என்றான் அண்ணன். வேலு திறந்ததை நான் தொட மாட்டேன், கட்டுப்பாடு போட்டது அவர்கள் என்றார் முனிரத்தினத்தின் அப்பா. பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர். அவரும் அப்படித்தான் சொன்னார். இரண்டு பேர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சினேன். நான்கு நாள் தண்ணீர் ஓடியது. வாய்க்கால் உடைந்து ஆற்றுக்குப் போனது. நவரை நெல் நட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அறுப்பு வரைக்கும் அந்த ஏரித் தண்ணீரைத்தான் நம்பியிருந்தது.

நான்காம் நாள், பகல் பன்னிரண்டு மணி. ஏரிக்கரை மேல் நிற்கிறேன். ஊன்றுகோலோடு தண்ணீரில் இறங்க முடியாது.

"மதகு தொறந்து கீது! யாராவது வாங்க!"

இரண்டு மைக் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஒருத்திக்குக் கேட்டது. கஸ்தூரி, முனிரத்தினத்தின் மனைவி. அவர்கள் வீடு கரையை ஒட்டியது. தாலி அறுத்து மூன்று மாதம் ஆகவில்லை. வருஷம் திரும்பும்வரை பகலில் வாசல் தாண்டக் கூடாது என்பது ஊர் வழக்கம். தாண்டினாள். என்னைக் கடந்து கரையிறங்கினாள். மதகடியில் மிச்சம் இடுப்பு வரைதான் தண்ணீர். கல் தூணில் ஏறினாள். கம்பியைப் பிடித்துத் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள். கட்டை அசையவில்லை. மறுபடி தொங்கினாள். மூன்றாம் தடவை அடியில் தொம் என்று ஒரு சத்தம். தண்ணீர் நின்றது.

இப்போது ஊர் ஓடி வந்தது. தண்ணீரைப் பார்க்க யாரும் வரவில்லை. பட்டப்பகலில் ஈரப் புடவையோடு நின்ற விதவையைப் பார்க்க வந்தார்கள்.

அன்று சாயங்காலம் இரண்டு தெருவும் ஒரே பந்தலில் உட்கார்ந்தது. தேர்தலுக்குப் பிறகு முதல் தடவை. முனிரத்தினம் கேட்ட ஒற்றுமை வந்துவிட்டது. கஸ்தூரியின் கால் பட்டுத்தான் ஏரி வற்றியது என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அவள் மாமனார் தலை குனிந்தார். அதே சூட்டில் சாம்பல் விவகாரத்தையும் முடித்தார்கள். இரண்டு செம்பாகப் பிரித்தார்கள். தெருவுக்கு ஒரு செம்பு, ஒரு தூண், ஒரு கொடி. நான் எழுந்து கத்தினேன். போரில் மூளை கலங்கிவிட்டது, பாவம், உட்கார வையுங்கள் என்றான் என் அண்ணன்.

மறுநாள் கஸ்தூரி கைக்குழந்தையோடு பொதட்டூர்பேட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். வழியனுப்ப நான் ஒருவன்தான். வாக்குக் கொடுத்தேன், காப்பாற்ற முடியவில்லை என்றேன். அவள் அழவில்லை.

"அவரு சொன்னது ஒரு நாளு நடக்கும்ணா. நீங்க அன்னிக்கித் தூக்கின கைய இப்ப இதுக்குத் தூக்குங்க. எறக்காதீங்க."

அவள்மீதுகூட எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பட்ட பிறகும் எங்கிருந்து வருகிறது இந்த நம்பிக்கை? அவன் அதோடு செத்தான், இவள் அதோடு ஊரை விட்டுப் போகிறாள். மிச்சமிருந்ததை என் தலையில் கட்டிவிட்டாள்.

இப்போது 1978. கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆலை வாசலில் காவலாளியாக இருக்கிறேன். நாடு முன்னேறுகிறது என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறது. முன்னேறட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ஏரிக் கூட்டத்துக்கு ஊருக்குப் போகிறேன். ஒரே நீர்க்கட்டி போதும் என்று கை தூக்குகிறேன். ஆறு வருஷமாக என் கை ஒன்றுதான் உயர்ந்து நிற்கிறது. சுற்றிலும் பார்க்கிறேன், யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. வெட்கமில்லாத ஊர். நானும் அந்த ஊர்தான். அடுத்த வருஷமும் போவேன்.

போனவற்றைச் சொல்லி முடிக்கிறேன். மறக்கக் கூடாது.

முனிரத்தினம், வயது இருபத்தாறு. என் இடது கால். அந்த வருஷத்து நவரை, இரண்டு தெருவிலும், ஒரு வயல் மிச்சமில்லாமல். கஸ்தூரி. அப்பா முகம் தெரியாத அவள் குழந்தை. முழுசாக நான் கொண்டுவந்த ஒரு செம்புச் சாம்பல்.

குறையாதது நீர்க்கட்டி மட்டும். இன்றும் இரண்டு பேர்.