கதாநாயகிக்கு வீடு ஆகாது

முதல் பக்கத்தில் வரைபடம் இல்லாத மாயக் கதைப் புத்தகத்தை நான் தொடுவதே இல்லை, மேடம். மலை எங்கே, சாபம் பிடித்த காடு எங்கே, இளவரசி தப்பி ஓடப்போகும் ஆறு எங்கே என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பார்த்ததுமே வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு. நீங்கள் தந்த தேத்தண்ணி ஆறிவிட்டது பாருங்கள், இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு இப்படித்தான்.

டவுனில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்கிறேன். எங்கள் ஊர் இறக்கக்கண்டியிலிருந்து பஸ். போகும்போது ஓர் அத்தியாயம், வரும்போது ஓர் அத்தியாயம். உப்புவெளியில் இறங்குகிறவர்கள் என் காலை மிதித்துக்கொண்டு இறங்குவார்கள். நானோ அப்போது டிராகனின் முதுகில் இருப்பேன், எனக்கு வலிக்கவே வலிக்காது. வீட்டுக்கு வந்ததும் முகநூலில் என் அபிப்பிராயத்தை எழுதி நட்சத்திரம் போடுவேன். 'ஷிஃபானா போட்டால்தான் வாசிப்போம்' என்று சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை.

இரண்டு காதலர்கள் இருந்தால் ஒரு நட்சத்திரம் கூடுதல். ஒருவன் நல்லவன், மற்றவன் கறுப்பு மேலங்கி போட்டவன். நான் எப்போதும் மேலங்கியின் பக்கம். கதாநாயகி தேங்காய் துருவவே மாட்டாள், கவனித்திருக்கிறீர்களா? 'பொழுதுபட முந்தி, மஃரிப் பாங்குக்கு முந்தி வீட்ட வந்து சேரு' என்று அவளை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட ஆள் இல்லை, அதுதான் விஷயம். வீடு எரிந்திருக்கும், தாய் தகப்பன் போயிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் அவள் கையில் ஒளி பிறக்கும், வாள் கிடைக்கும், மேலங்கிக்காரன் வருவான். மூன்றாம் அத்தியாயத்துக்குள் இது நடக்காத புத்தகத்துக்கு நான் கறாராக இரண்டு நட்சத்திரம்தான்.

அம்ரா என் மாமாவின் மகள். பிறந்த நாளிலிருந்தே கதாநாயகி. தூண்டில் முள் கிழித்து இடது புருவத்தில் ஒரு தழும்பு. தனியாக எஞ்சினை இழுத்து வள்ளத்தைக் கடலில் விடுவாள். நான் அவளுடைய தோழி. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒருத்தி வருவாளே, பையைத் தூக்கிக்கொண்டு, பயப்படும் நேரத்தில் பகிடி விட்டுக்கொண்டு, அவள். எனக்கு அது போதும்.

அவளுக்குப் பேராதனையில் கெம்பஸ் கிடைத்தது. ஊரே 'அம்ரா போகப் போறா' என்றது. எனக்குச் சிரிப்பு. அது ஒரு புறப்பாடா, மேடம்? அவள் வாப்பா பஸ்ஸில் கொண்டுபோய் விடுவாராம், மடியில் சோற்றுப் பார்சலாம். நானும் வருகிறேன் என்றேன்.

"உனக்கென்ன விசரா மச்சி? ஹொஸ்டல்ல ஒராளுக்குத்தான் கட்டில்," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நிறைய நேரம் சிரித்தேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் வீடு. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து சேருவார். முனீப் மாமா அம்ராவுக்குச் சுவர் எழுப்பி முடித்துவிட்டார். கூரைக்கான மரமெல்லாம் கடற்கரையில் அவர் மீன்பிடிச் சாமான் வைக்கும் ஓலைக் குடிசைக்குள், அந்த வாடிக்குள், வலைகளோடும் எஞ்சினுக்கான மண்ணெண்ணெயோடும் கிடந்தது. "படிச்சிப்போட்டு வரட்டும். வீடு இஞ்சதானே நிக்கும், எங்க ஓடப் போகுது?" என்பார். அப்படி ஒரு வீடு காத்திருக்கும் பெண்ணுக்கு எந்த டிராகன் வரும்?

மாமாவில் எனக்கு நல்ல விருப்பம், அதை எழுதிக்கொள்ளுங்கள். என் கதைகளை உட்கார்ந்து கேட்டது அவர் மட்டும்தான். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்பார்.

"அந்தப் புள்ளைக்கு உம்மா வாப்பா இல்லையெண்டா ஆரு, மகள், சோறு குடுக்கிற?"

"அதெல்லாம் எழுத மாட்டாங்க மாமா."

"அப்ப அது என்ன கதை," என்பார்.

அந்த வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். கடற்காற்று நல்லது என்று வாடியிலேயே படுத்திருந்தார். உம்மா என்னிடம் கஞ்சி கொடுத்துவிட்டார். ஜும்ஆத் தொழுகை நேரம், ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில், கரையில் ஒரு காக்கை மட்டும். மாமா கஞ்சியைக் குடித்துவிட்டு, "அந்தப் பறக்கிற பல்லிக்கு என்ன நடந்த?" என்று கேட்டார். மிச்சத்தைச் சொன்னேன். முடிப்பதற்குள் உறங்கிவிட்டார். சட்டியை எடுத்துக்கொண்டேன். கதவைச் சாத்தி வெளியிலிருந்து கொளுக்கியைப் போட்டேன், நாய் நுழையாமலிருக்க எப்போதும் போடுவதுதான். பிறகு ஓலையில் நெருப்பு வைத்தேன். அப்போது வயிற்றுக்குள் அதே குறுகுறுப்பு, வரைபடத்தைத் திறந்ததும் வருமே, அது.

சட்டியை ஏன் எடுத்தாய் என்று காலையில் கேட்டீர்கள். வாடியில் எல்லாம் சாம்பலாகி, கஞ்சிச் சட்டி மட்டும் எங்கள் குசினியில் கழுவிக் கவிழ்த்திருந்ததால்தானே நீங்கள் என்னைப் பிடித்தீர்கள். அது உம்மாவின் சட்டி, மேடம். விட்டுவிட்டு வந்தால் ஏசுவார்.

மாமா உள்ளே இருந்தது தெரியுமா என்றும் கேட்டீர்கள். தெரியாமல் எப்படி? மரம் மட்டும் போயிருந்தால் அவர் வேறு மரம் வாங்கிக் கூரை போட்டிருப்பார். இரண்டும் ஒன்றாகப் போக வேண்டும். அரைகுறையாக எழுதுகிறவர்களுக்கு நான் நட்சத்திரம் போட்டதே இல்லை.

அம்ரா இன்னும் புறப்படவில்லை, அது சரிதான். மாமி இத்தாவில் இருக்கிறார், புருஷன் மௌத்தானால் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வர ஏலாது, அவரைத் தனியே விட ஏலாது. பேராதனைக்கு இனிப் போவதில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். என் கடையிலேயே அவளுக்கும் ஒரு வேலை கேட்டு வைத்திருந்தேன். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை, நினைத்தாலே எனக்குத் தலை சுற்றும் சந்தோஷம். நீங்கள் வந்து என்னைப் பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு வரும்வரை பின்னேரம் தோறும் அவளருகில் இருந்து சத்தமாக வாசித்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் கதாநாயகிகள் எல்லாரும் அப்படித்தான், கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

நீங்களும் வாசிக்க வேண்டும், கீர்த்தனி மேடம். சின்ன வயதுக்காரருக்கென்று ஒதுக்காதீர்கள். ஆனால் இப்போது ஒன்று கேட்டீர்களே, "அந்தப் புத்தகங்களில வீட்டைக் கொளுத்துறது ஆர்?" என்று. எனக்கு ஞாபகமில்லை. கொளுத்துகிறவர்கள் வரும் பக்கங்களை நான் எப்போதும் தாண்டிவிடுவேன். அவற்றில் அம்ரா மாதிரி யாரும் வருவதில்லை, என்னை மாதிரியும் யாரும் வருவதில்லை.