பேக் காயற வரைக்கும்

ஹலோ... சொல்லுங்க அத்தை... ஆமா, நான்தான். வாய அசைக்காம பேசறேன், அதான் குரல் அப்படி இருக்கு... இல்ல இல்ல, பல்வலி இல்ல. பார்லர்ல இருக்கேன். மூஞ்சில பேக்னு களிமண்ணு மாதிரி ஒண்ணப் பூசியிருக்காங்க. காயற வரைக்கும் சிரிக்கக் கூடாது, அழக் கூடாதுன்னு உத்தரவு... ஆமா, பேஷியல்தான்.

...நாளைக்குக் கோர்ட்டு. மறக்கல. அதுக்குத்தான் பேஷியலே.

...ஏன் கூடாது? கல்யாணத்துக்குப் பண்ணிக்கலாம், டைவர்ஸுக்குப் பண்ணிக்கக் கூடாதா?... பார்லர்க்காரம்மாவும் என்ன விசேஷம்னு கேட்டாங்க. குடும்ப விசேஷம்னு சொல்லி வச்சிருக்கேன்.

...கேக்குது கேக்குது, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். காது வரைக்கும் பூசிட்டாங்க, போன ஒட்ட வைக்க முடியாது... ம், அவங்களும் இங்கதான் நிக்கறாங்க. கேக்காத மாதிரி இருக்காங்க.

...வலிக்குமாவா? முதல்ல ஒண்ணும் இல்ல. பால் மாதிரி எதையோ தடவித் துடைக்கறாங்க. பஞ்சு கறுத்துப் போச்சு. தெனமும் சோப்பு போடறேன்னு சொன்னேன், நம்பல... அப்புறம் ரவை மாதிரி ஒண்ணப் போட்டு, அடிபிடிச்ச பாத்திரத்தத் தேய்க்கற மாதிரி தேய்க்கறாங்க. அப்புறம் ஆவி... ஆமா, சளிக்குப் பிடிப்போமே, அதே ஆவிதான். இங்க காசு குடுத்துப் பிடிக்கறோம்.

...வலின்னா கரும்புள்ளி எடுக்கறப்பதான். மூக்கு மேல கம்பிய வச்சு அமுக்குவாங்க. கண்ணுல தண்ணி தானா கொட்டும். எல்லாருக்கும் வருமாம். நான் சாக்கோட சாக்கா கொஞ்சம் கூடவே கொட்டிட்டேன்... இல்ல, யாரும் ஒண்ணும் கேக்கல.

...ஆமா ஆமா, செவந்துடும். காலைக்குள்ள அடங்கிடுமாம்.

...எதுக்கா? போன தடவ கோர்ட்டு வராந்தால உங்க பிள்ள என் மூஞ்சியப் பாத்துட்டு, ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாரு. அந்தப் பரிதாபம் இருக்கே அத்தை... எனக்கு வேணாம். நாளைக்கு அவரு அப்படிக் கேக்கக் கூடாது. அவ்வளவுதான்.

...ஹலோ? இருக்கீங்களா?

...உங்களுக்கா? பேஷியலா? இன்னைக்கேவா?... அதான் வலிக்குமான்னு கேட்டீங்களா?... ஓ, நீங்களும் நாளைக்கு வர்றீங்களா. வாங்க. உங்க பிள்ளைக்கும் துணைக்கு ஒருத்தர் வேணும்தானே.

...என்னது?

...திரும்பச் சொல்லுங்க.

...என் பக்கத்துலயா? கோர்ட்டுல நீங்க உக்காரப் போறது... என் பக்கத்துலயா அத்தை?... அவருகிட்ட சொல்லிட்டீங்களா?... என்ன சொன்னாரு?... டிவி சத்தத்தக் கூட்டி வச்சுட்டாரா. சரி, அது அவரு வழக்கம்தான்.

...ம்... ம்...

...அத்தை, இத நீங்க பேக் காஞ்சப்புறம் சொல்லியிருக்கலாம்.

...அழல. கன்னத்துல ரெண்டு பக்கமும் வெடிப்பு விட்டுடுச்சு, வேற ஒண்ணும் இல்ல... ஆமா, முதல்லேர்ந்து போடணும். பார்லர்க்காரம்மா முறைக்கறாங்க... இல்ல, முறைக்கல. மூக்க உறிஞ்சறாங்க. கேக்காத மாதிரி இருந்தாங்கன்னு சொன்னேனே, அவங்களேதான்.

...வாங்க. பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்கு... ஆமா, கரும்புள்ளியும் எடுத்துக்கோங்க. தாராளமா அழலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

வச்சிடறேன் அத்தை, சூடா துண்டு கொண்டு வர்றாங்க... கண்ணத் துடைக்கறதுக்கு இல்ல, பேக்கக் கழுவத்தான்... கழுவத்தான் அத்தை... ம்... ம்... ம்.