முஸ்பிறாவின் கூடாரம்

இரவு ஒன்பது மணி கடந்திருக்கும்… பாணமைக்கு அப்பால், கடலோரக் காட்டுக்குள் போகிற கிறவல் ரோட்டு. ஒரு வேன் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. முன்னாலும் வெளிச்சம் இல்லை, பின்னாலும் இல்லை. இரண்டு பக்கமும் வீரை மரமும் முட்பற்றையும். ரோட்டு நடுவில் யானை லத்தி, ஆவி பறக்கக் கிடக்கிறது. கண்ணாடியை இறக்கினால் கடல் இரைகிற சத்தம் கேட்கிறது. கடலைத்தான் காணவில்லை.

கதவுக்கு முதுகைக் காட்டி இருக்கிறவர்கள் இந்தப் பக்கம் நெருங்கி வாருங்கள். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. இது என் கூட்டாளி பஸ்லியாவின் மாமி மகள் நதீராவுக்கு நடந்தது. பஸ்லியாவும் அந்த வேனில் இருந்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

வேனை ஓட்டியவன் பஸ்லியாவின் மாப்பிள்ளை ஸிராஜ். கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பியதால் இவ்வளவு நேரம். அவனுக்குப் பக்கத்தில் நதீராவின் மாப்பிள்ளை முர்ஷித். பின்னால் பெண்கள் இருவரும். நதீராவின் காலடியில் ஒரு நீலப் பை கிடந்தது. வேன் குலுங்கும்போதெல்லாம் அவள் அதைக் குதிகாலால் ஓர் இடி இடித்தாள். ரோட்டுக் குலுக்கலில் பட்டதுபோல இருக்கும். பட்டதில்லை.

பைக்குள் இருந்தது ஒரு கூடாரம். முர்ஷிதின் முதல் பெண்சாதி முஸ்பிறாவின் கூடாரம்.

முஸ்பிறா டெங்குக் காய்ச்சலில் மௌத்தாகிப் போனவள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அவள் வீட்டுக்கு வருவான். அவள் போய்விட்டால் பெட்டியோடு கிளம்புவான். முஸ்பிறாவுக்கு வாப்பா கட்டத் தொடங்கிய வீடு பாதிச் சுவரோடு நின்றுவிட்டது. உம்மாவின் வீட்டில் ஓர் அறைதான் அவர்களுக்கு. அபாயா தைத்துச் சேர்த்த காசில் அவள் இந்தக் கூடாரத்தை வாங்கினாள். லீவு கிடைக்கிறபோதெல்லாம் இருவரும் இந்தக் காட்டுக்கு வந்துவிடுவார்கள். "வாப்பா கட்டி முடிக்கிற வரைக்கும் இதுதான் என்ட ஊடு" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தாளாம். அவள் மௌத்தான பிறகு முர்ஷித் அங்கிருந்து கிளம்பியபோது ஒரு கையில் பெட்டி, மறு கையில் இந்தப் பை.

பை நதீராவின் வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலே ஏறி உட்கார்ந்தது. நதீராவின் வீடு கல்முனையிலேயே பேர் சொல்லும் வீடு. மாபிள் பதித்த தரை, பெரிய கேற். அந்த அலுமாரியை நாளுக்கு இரண்டு தரம் துடைப்பாள். பையை மட்டும் தொடமாட்டாள். கலியாணம் முடிந்து மூன்று மாசம். முர்ஷித் நல்லவன், கை நீட்டாதவன், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து தருகிறவன். ஆனால் அவனைச் சிரிக்க வைக்க நதீரா படாத பாடு பட்டாள். சிரிப்பான்… பல் மட்டும் சிரிக்கும்.

உயிரோடு இருக்கிற பெண் என்றால் போய்ச் சண்டை பிடிக்கலாம். முடியைப் பிடித்து இழுக்கலாம். மௌத்தானவளோடு என்னதான் செய்வது? அவளுக்கு வயசு போகாது, முகம் கறுக்காது, கறியில் உப்புக் கூடிப்போகாது. நதீராவுக்கு வயிறு எரிந்தது. வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"அவவோட எத்தின தரம் அந்தக் காட்டுக்குப் போயிரிக்கீங்க. என்னோட ஒருக்காப் போனா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

"போவம் புள்ள. புது டென்ட் ஒண்டு எடுப்பம்."

"தேவல்ல. அந்த டென்டுதான் வேணும்."

அதற்குள் ஓர் இரவு அவனோடு படுத்து எழும்பிவிட்டால் முஸ்பிறாவின் கதை அதோடு சரி என்று நினைத்தாள். எனக்கு அவளைக் குறை சொல்ல மனமில்லை. சிரிக்கிறவர்கள் உங்கள் மாப்பிள்ளைமாரின் பழைய படங்களை எத்தனை தரம் நோண்டிப் பார்த்தீர்கள் என்று யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

சரி… வேன் நின்றது. மணல் மேடு, தாழம் பற்றை, அதற்கு அங்கால் கடல். ஸிராஜ் தன் புதுக் கூடாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எந்தக் கம்பி எதற்குள் போகிறது என்று அவனுக்கும் தெரியவில்லை, டோர்ச் பிடித்த பஸ்லியாவுக்கும் தெரியவில்லை. முர்ஷித் இருட்டிலேயே எல்லாவற்றையும் செய்தான். கம்பி, கயிறு, முளை… கை தானாகப் போனது. நதீரா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் வீட்டில் சுவிட்ச் எங்கே என்று இன்னும் தடவுகிற கை அது.

கூடாரத்து வாசல் சிப்பை இழுத்துத் திறந்தபோது மணம் வந்தது. இவ்வளவு காலம் மடித்துக் கிடந்த துணி, பூஞ்சணம் மணக்க வேண்டும். இது கருஞ்சீரக எண்ணெய். தலைக்கு வைக்கிற எண்ணெய். இப்போதுதான் யாரோ தேய்த்தது போல…

"இதுக்குள்ள என்ன மணம்?"

"எனக்கு ஒண்டும் மணக்கல்லியே" என்றான் முர்ஷித். சொல்லிவிட்டு மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தான். நதீரா அதைப் பார்த்தாள்.

கோழி சுட்டுச் சாப்பிட்டார்கள். நெருப்புத் தணிந்தது. "பிஸ்மி செல்லிட்டுப் படு மச்சி" என்று சொல்லிவிட்டு பஸ்லியா தன் கூடாரத்துக்குப் போனாள். நதீரா பிஸ்மி சொல்லவில்லை. கூடாரத்து வாசலில் நின்று, யாருக்கோ கேட்கட்டும் என்பதுபோல உரத்துச் சொன்னாள்.

"இனி இது என்ட ஊடு."

முர்ஷித் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நடுச்சாமம்… நதீராவுக்கு விழிப்பு வந்தது. வெளியே போக வேண்டும். பஸ்லியாவை எழுப்ப வெட்கம். போனின் டோர்ச்சைப் போட்டுக்கொண்டு தாழம் பற்றைக்குப் பின்னால் போய்விட்டு வந்தாள். காற்று இல்லை. கடல்கூடச் சத்தமில்லாமல் கிடந்தது. கூடாரத்துக்குக் கிட்ட வந்தவள் நின்றாள்.

சிப் மூடியிருந்தது. அவள் திறந்து வைத்துவிட்டுத்தான் போனாள்.

உள்ளே ஒரு சத்தம். சர்… சர்… ஈரத் தலையைச் சீப்பால் வாருகிற சத்தம். இழுத்து, விட்டு, இழுத்து… அவசரமே இல்லாமல்.

"மச்சான்… துறங்க."

சீப்பு நின்றது.

"ஆரு?"

பெண் குரல். கோபம் இல்லை, அதட்டல் இல்லை. பின்னேரம் அசர் நேரத்தில் வாசலில் யாரோ ஸலாம் சொன்னால் குசினிக்குள் இருந்தபடி நாம் கேட்போமே, அப்படி ஒரு "ஆரு". வீட்டுக்காரி கேட்கிற "ஆரு".

அதற்குப் பிறகு முர்ஷிதின் குரல், தூக்கக் கலக்கத்தோடு. "ஒருத்தருமில்ல புள்ள… நீ படு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வாய் நிறைந்த சிரிப்பு. மூன்று மாசமாக நதீரா தேடி அலைந்த சிரிப்பு.

அலறிக்கொண்டு ஓடியிருப்பாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நீங்களும் நானும் என்றால் ஓடியிருப்போம். நதீராவுக்குப் பயம் வரவே இல்லையாம். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பற்றி எரிந்ததாம். என் மாப்பிள்ளை உள்ளே, நான் வெளியே… சிப்பை இழுத்த இழுவையில் அது பிய்ந்துகொண்டு வந்தது.

உள்ளே முர்ஷித் மட்டும்தான். ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுத்திருந்தான், பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டு. நதீரா தன் தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். நனைந்திருந்தது.

"எழும்புங்க! ஆரு உள்ளுக்குக் கிடந்த?"

முர்ஷித் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். பக்கத்து இடத்தைப் பார்த்தான். "நீ எப்ப புள்ள வெளிய போன?" என்றான்.

அவள் போட்ட சத்தத்தில் ஸிராஜும் பஸ்லியாவும் ஓடி வந்தார்கள். அதற்குள் நதீரா அவனை வெளியே இழுத்துவிட்டு, முளைகளைப் பிடுங்கி, கூடாரத்தை மணலில் இழுத்துக்கொண்டுபோய்த் தணல் மேல் போட்டுவிட்டாள். மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தாள். குப்பென்று பிடித்தது. நைலோன் சுருண்டு சுருண்டு எரிந்தது, கறுப்புச் சொட்டாக மணலில் விழுந்தது. ஸிராஜ் தண்ணீர்க் கானைத் தூக்கினான். "உடுடா" என்றான் முர்ஷித். அழவில்லை, தடுக்கவில்லை. எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

வென்றுவிட்டேன் என்று நதீரா நினைத்தாள். அந்த இருட்டிலும் அவள் முகம் மின்னியது என்கிறாள் பஸ்லியா.

வீட்டைக் கொளுத்தினால் வீட்டுக்காரி எங்கே போவாள்? அதை அந்த நேரம் ஒருவரும் யோசிக்கவில்லை.

உடனேயே கிளம்பினார்கள். ஸிராஜ் ஏறினான், பெண்கள் ஏறினார்கள். முர்ஷித் மட்டும் வேனின் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான்.

"ஏறன் மச்சான். ஆரப் பாத்துக்கிட்டு நிக்காய்?" என்றான் ஸிராஜ்.

"ஒண்டுமில்ல" என்றான். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான்… பிறகு கதவை மெதுவாகச் சாத்தினான், யாருடைய உடுப்பும் இடையில் சிக்கிவிடக் கூடாது என்பதுபோல.

அடுத்த இரவு, கல்முனை. சொந்த வீடு, சொந்தக் கட்டில். முர்ஷிதின் தோளில் தலையை வைத்து நதீரா நிம்மதியாகத் தூங்கினாள். முழிப்பு வந்தபோது முதுகில் பாய் குத்தியது. அறைக்கு வெளியே ஹோலில் கிடந்தாள். கீழே விரித்திருந்தது வழக்கமான பாய் இல்லை. விருந்தாளிகளுக்கென்று சுருட்டி வைத்திருக்கிற புதுப் பாய். தலைக்குப் பூவேலை செய்த உறை போட்ட தலையணை. கழுத்துவரை போர்வை போர்த்தியிருந்தது. தலைமாட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர், பூச்சி விழாமல் சோசரால் மூடி…

படுக்கையறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

காலையில் முர்ஷித் நல்ல சந்தோசமாக வெளியே வந்தான். ராத்திரி நடந்த ஒன்றுமே அவனுக்குத் தெரியாது. இடியப்பத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இரண்டாம் இரவு நதீரா தன் கையையும் அவன் கையையும் தலையில் போடுகிற சோலால் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தாள். விடியும்போது ஹோலில்தான். சோல் அழகாக மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் பேரீச்சம்பழமும் இருந்தது.

மூன்றாம் இரவு படுக்கவே மாட்டேன் என்று கட்டில் ஓரத்தில் குந்தியிருந்து ஆயத்துல் குர்ஸி ஓதினாள். எந்த இடத்தில் கண் அயர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முழித்தது ஹோலில். அன்றைக்கு அவளுக்காக ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று பகல் பஸ்லியாவுக்குக் கோல் எடுத்து அழுதாள்.

"பாய விரிச்சி, போத்தி உட்டு, தண்ணி மூடி வெச்சிரிக்கி மச்சி. என்ட ஊட்டுல என்னய விருந்துக்கு வந்தவள் மாதிரி வெச்சிரிக்காள்."

"அல்லாஹ்வே… நீ இஞ்ச வா மச்சி. இப்பவே உடுப்ப எடுத்துக்கிட்டு வா."

"நான் வந்தா? அவரும் அவளும் மட்டும் இரிக்கவா? வரமாட்டன். செத்தாலும் வரமாட்டன்."

அதுதான் நதீரா. அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் கவலை. விருந்தாளிக்கு உரிமை மூன்று நாள் என்று மத்ரஸாவில் நாம் எல்லாரும் ஓதியிருக்கிறோம். அவளும் ஓதியிருக்கிறாள். ஞாபகம் வரவில்லை, பாவம்.

நான்காம் நாள்… விடியற்காலைச் சுபஹு பாங்கு காதில் விழுந்து கண்ணைத் திறந்தாள். முதுகுக்குக் கீழே பாய் இல்லை. சீமெந்துப் படி. பனியில் உடுப்பெல்லாம் ஈரம். வாசல் கதவு உள்ளே பூட்டியிருந்தது. குசினியில் லைட் எரிந்தது. தேங்காய் துருவுகிற சத்தம், அதற்கு நடுவில் முர்ஷித் சிரிக்கிற சத்தம். யாரோடோ கதைத்துக் கதைத்துச் சிரிக்கிறான்…

எழும்பி உட்கார்ந்தாள். பக்கத்தில் அவளுடைய பயணப் பை. உடுப்புகள் எல்லாம் அயன் பண்ணி, மடித்து, அடுக்கி. கேற் அகலத் திறந்து கிடந்தது. படிக்குக் கீழே அவளுடைய செருப்பு இரண்டும் கழுவித் துடைத்துச் சோடியாக வைத்திருந்தது… ரோட்டைப் பார்த்தபடி.