மேல்கட்டில் ஒரு மூலை குறைச்சல்

— கைய எடு கலைமணி! உன் வாசல் பந்தல்ல கட்டறதுக்குன்னு பெட்டியிலேர்ந்து எடுத்தாந்தா, துணிய புடிச்சி இழுக்கிறியே! என் மவன் கல்யாணத்துல மணவறைக்கு மேல விரிச்சிக் கட்டற மேல்கட்டுய்யா அது!

— கிழிக்கல, தாண்டவராயன். மூலையத்தான் திருப்பிப் பாக்குறேன். எத்தனை வெளுப்பு வெளுத்தும் போகாம இந்தக் கறுப்பு நம்பர் இருக்கு பாருங்க. இதே நம்பர் எழும்பூர் ஆவணக் காப்பகத்துல, நாப்பத்திரண்டாம் வருஷத்து ஃபைல்ல இருக்கு.

— ஐய, இன்னா கூத்துடா இது! வர்ற வெள்ளிக்கிழமை சம்மந்தி ஆவப்போறவங்க பட்டப்பகல்ல துணிய இழுத்துகினு நிக்கிறீங்க. தெருவே வேலிய புடிச்சிகினு பாக்குது.

— கிளியம்மா, நீ போ. உன்ன யாரும் கூப்புடல.

— கூப்பிட்டா வர்றதுக்கு நான் இன்னா பத்திரிகை வெச்ச விருந்தாளியா? அடுத்த வூட்டுக்காரி. சத்தம் கேட்டா வருவேன். நீ சொல்லு கலை, இன்னா ஃபைலு?

— லண்டன்ல ஒரு வயசான அம்மா, அக்கா. யுத்தத்துல ஏரோப்பிளேன் ஓட்டின அவங்க அண்ணன் இந்தப் பக்கம் காணாம போயிட்டார். ரெக்கார்டுல தேடிச் சொல்ல முடியுமான்னு சர்ச் பாதிரியாருக்கு எழுதினாங்க. எனக்கு இங்கிலீஷ் வரும்னு அவர் என்கிட்ட குடுத்தார். சனிக்கிழமை சனிக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில்ல ரயிலேறிப் போய்ப் பாத்தேன்.

— நீ சீட்டாடத்தான் போறதா உன் பொண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சாளே!

— பிளேன் நம்ம ஏரியிலதான் விழுந்திருக்கு. உள்ள ஒரு பொணம். இன்னொருத்தர், அந்தம்மாவோட அண்ணன், பாராசூட்டுல குதிச்சவர். ஆளும் கிடைக்கல, பாராசூட்டும் கிடைக்கல. விசாரணைக்கு வந்தவங்ககிட்ட ஊர் சார்பா சாட்சி சொன்னது இவரோட அப்பா. “மேலேர்ந்து யாரும் எறங்கல”ன்னு கைநாட்டு வெச்சிருக்கார். அப்ப அந்த மனுஷன் முதுகுல கட்டியிருந்த பாராசூட்டுப் பட்டு, அதே நம்பரோட உங்க பெட்டிக்குள்ள எப்படி வந்துது?

— ஏரியில மெதந்து வந்திருக்கும். எனக்கு இன்னாய்யா தெரியும்? அப்ப நான் சின்னப் பையன்.

— மெதந்து வந்ததுல கயித்த எல்லாம் கத்தியால அறுத்தது யாரு?

— த பாரு. செத்துப்போன எங்கப்பன கொலைகாரன்னு சொல்லிட்டு, என் வூட்டுக்கே பொண்ணும் குடுப்பியா?

— குடுக்கமாட்டேன். கல்யாணம் நிக்கட்டும். நாளைக்கே லண்டனுக்கு எழுதறேன். அந்தம்மா என்னா கேக்கறாங்க தெரியுமா? “எங்கண்ணன் தனியா செத்தானா, கடைசில கூட யாராச்சும் இருந்தாங்களா? அத மட்டும் சொல்லுங்க”ன்னு கேக்கறாங்க.

— கூட யாராச்சும் இருந்தாங்களான்னா கேக்குறா? ஊரே இருந்துதுடா, கலை.

— அக்கா?

— நான் பாவாட கட்டிகினு ஓடுன வயசு. ஜப்பான்காரன் குடை புடிச்சிகினு எறங்குவான், கண்டா உடாதீங்கன்னு தண்டோரா போட்டுட்டுப் போனாங்க. மெட்ராஸே காலி பண்ணிகினு ஓடுது. ஒருநா காலையில பனமரத்துல ஒருத்தன் தொங்கறான். மூஞ்சியெல்லாம் கரி, கண்ணுல கண்ணாடி, தோல் குல்லா. காலு ஒடிஞ்சி கீது. கையத் தூக்கிகினு என்னமோ கத்தறான். எவனுக்குப் புரிஞ்சிது? உலக்கை, கடப்பாரைன்னு கையில கெடச்சதையெல்லாம் எடுத்தாங்க. அப்புறந்தான் குல்லாவக் கழட்டனாங்க. செம்பட்ட முடி, நீலக் கண்ணு. ஜப்பான்காரன் இல்ல, தொர. அத்தினி பேரும் அப்பதான் கையில இருந்தத கீழ போட்டாங்க.

— எங்க பொதச்சாங்க?

— ஏரிக்குள்ளயே, தண்ணி வத்தியிருந்த ஓரத்துல. மழ வந்து மேல நெறஞ்சிடுச்சி.

— கேட்டியா கலைமணி? எங்கப்பன் மட்டும் இல்ல!

— நீ சும்மா இரு, தாண்டவராயா. மொத அடி உங்கப்பன்து. ரெண்டாவது அடி யாருதுன்னு கலை இன்னும் கேக்கல. கேக்கறியா கலை? யுத்த காலம். பொணத்துக்குப் போத்தவே துணி இல்ல. அம்மாம் பட்ட ஒருத்தன் வூட்டுல வெச்சிக்க உட்ருவாங்களா? அடிச்சவங்க பங்கு போட்டுக்கினாங்க. அந்த மாசந்தான் உங்கம்மா உன்னப் பெத்தா. எல்லாப் புள்ளையும் அம்மாவோட பழம்பொடவையில தூங்குச்சி. உனக்குத்தான்டா வெள்ளப் பட்டுல தூளி. நானே ஆட்டியிருக்கேன்.

— இன்னா சம்மந்தி, கல்யாணம் நிக்கட்டுமா?

— சசி, கல்யாணப் பொண்ணு நீ, கதவுகிட்ட எவ்ளோ நேரமா நிக்கிற? உள்ள போம்மா. லெட்டர அப்புறம் டைப் அடிக்கலாம். தாண்டவராயன்... துணிய அப்படியே திண்ணை மேல வெச்சிட்டுப் போங்க.

*

— கிளியம்மாக்கா, அன்னிக்கு அந்தச் சண்டைய பாத்துட்டு மறுநாளே பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குப் போனதுலேர்ந்து ஊர்ச் சேதியே தெரியல. சசிகலா கல்யாணம் நின்னு போச்சாமே?

— நின்னுதா! உனக்கு எவடி சொன்னது, கங்கா? ஜாம்ஜாம்னு நடந்துது. நான் மூணு பந்தி பாத்தேன், ரெண்டுல உக்காந்தேன்.

— அப்ப லண்டன் அம்மாவுக்கு?

— உங்கண்ணன் ஏரியில முழுகிட்டாரு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு எழுதிட்டாரு கலைமணி. பெத்த பொண்ணையே டைப் அடிக்கச் சொன்னாரு. அவளும் ஒரு எழுத்து மாத்தாம அடிச்சிக் குடுத்தா. இப்பல்லாம் அவரு எழும்பூர் பக்கமே போறதில்ல. சனிக்கிழமையானா நெஜமாவே சீட்டாடறாரு.

— பொண்ணும் மாப்பிள்ளையும் இங்கதான கீறாங்க?

— எங்க கீறாங்க? மாப்ள பகலவன் ஓசூர்ல ஒரு கம்பெனியில சேந்துகினு பூட்டான். எல்லாம் அவ புடிவாதம். பொங்கலுக்குக் கூட ரெண்டு பேரும் இந்தப் பக்கம் தலை வெச்சிப் படுக்கல.

— அந்த மேல்கட்ட கட்டுனாங்களா, இல்லியா?

— கட்டாம? அதத்தான் சொல்ல வந்தேன். பிரிச்சா, ஒரு மூலையக் காணோம்! எலி கடிச்சிடுச்சின்னு தாண்டவராயன் சணல்கயிறு வெச்சி இழுத்து முடிஞ்சான். எலி அம்மாம் நேராவாடி கடிக்கும்?

— நம்பரு இருந்துதே, அந்த மூலையா?

— அதேதான்.

— யாருக்கா வெட்டியிருப்பாங்க?

— எனக்கு இன்னாத்துக்கு ஊர்வம்பு! சுங்குவார்சத்திரம் தபாலாபீசு நாகப்பன் சொன்னத சொல்றேன். கல்யாணத்துக்கு மொதநாளு சசி அங்கயே போயி லண்டனுக்கு ரெண்டு கவரு போட்டாளாம். ஒண்ணு அப்பன் எழுதனது. இன்னொண்ணுல முத்திரை குத்தறப்ப, உள்ள துணி கணக்கா மெத்துனு இருந்துதாம்.